மிதிவண்டிக்குத் தனிப்பாதை: நன்மையா, ஆபத்தா?

என் அப்பா மிதிவண்டியில் பால்மரம் வெட்டப் போனவர். இன்று புத்ராஜெயா நிற்கும் இடத்தில் அப்போது பிராங் பெசார் தோட்டம் இருந்தது. இருள் விலகுமுன் பெரட்டுக்குப் போய், வாளிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் மிதிப்பார். அந்தப் பாதையில் பாம்புக்கும் காட்டுப்பன்றிக்கும் மட்டுமே அஞ்ச வேண்டியிருந்தது. 1990களில் நிர்வாகத் தலைநகருக்காக நிலம் எடுக்கப்பட்டபோது, அங்கிருந்த தோட்டக் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தன. நாங்களும் வந்தோம், மிதிவண்டியும் வந்தது.

இப்போது அந்தப் பழைய தோட்ட மண்ணில், ஏரிக்கரையை ஒட்டி வழவழப்பான மிதிவண்டிப் பாதை ஓடுகிறது. ஞாயிறு காலைகளில் தலைக்கவசமும் இறுக்கமான உடையும் அணிந்தோர் அங்கே பறக்கின்றனர். எழுபதைக் கடந்த அப்பாவோ டெங்கில் கடைத்தெருவுக்கு மணல் லாரிகளின் ஓரமாகப் போய் வருகிறார். சென்ற ஆண்டு பெட்ரோல் நிலையத்துக்குள் இடப்புறம் திரும்பிய கார் ஒன்று அவரைத் தட்டிவிட்டது. கை முறிந்தது. பார்க்க வந்த உறவினர் அனைவரும் சொல்லி வைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள்: "தனிப்பாதை இருந்திருந்தால் இது நடந்திருக்காது."

அது உண்மைதானா? தனிப்பாதை பற்றி உலகத்துக்கே பாடம் சொல்லத்தக்க சாலை ஒன்று நம் வீட்டு வாசலிலேயே இருப்பதால், அங்கிருந்தே தொடங்கலாம்.

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில், 1970களின் தொடக்கத்திலேயே உலக வங்கித் திட்டத்தின் கீழ் மோட்டார் சைக்கிள்களுக்குத் தனிப்பாதை போடப்பட்டது. உலகில் இவ்வகையில் இதுவே முதலாவது என்பர். 1990களில் அது மேலும் நீட்டிக்கப்பட்டது. மிதிவண்டியோட்டிகளும் அதில் செல்வதுண்டு. பேராசிரியர் ரடின் உமார் ரடின் சோஹாடியும் அவருடன் பணியாற்றியோரும் செய்த ஆய்வு, அப்பாதை திறக்கப்பட்ட பின் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. இந்நாட்டுச் சாலைகளில் மாண்டுபோவோரில் பத்தில் ஆறு பேர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த எண்ணின் எடை புரியும்.

இனி டென்மார்க்கைப் பாருங்கள். மிதிவண்டியின் தலைநகர் என்று போற்றப்படும் கோப்பன்ஹேகனில், தனிப்பாதை போடுவதற்கு முன்னும் பின்னும் இருந்த நிலையை ஜென்சன் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு 2008இல் வெளியிட்டார். பாதை வந்த தெருக்களில் மிதிவண்டிப் போக்குவரத்து 18 முதல் 20 விழுக்காடு வரை கூடியது. ஆனால், விபத்துகளும் காயங்களும் 9 முதல் 10 விழுக்காடு கூடியிருந்தன. சந்திப்புகளுக்கு இடைப்பட்ட நீளத்தில் நிலைமை மேம்பட்டது. கெட்டது சந்திப்புகளில்தான்.

ஒரே மருந்து இங்கே குணமாக்கி அங்கே ஏன் கெடுத்தது? இரண்டு பாதைகளும் சந்திப்பை எப்படிக் கடக்கின்றன என்பதில்தான் விடை இருக்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையின் தனிப்பாதை, பெரும்பாலான இடங்களில் கிளைச்சாலைகளின் அடியில் சுரங்கமாக நுழைந்து மறுபுறம் வெளிவருகிறது. திரும்பும் காரும் நேரே போகும் இருசக்கர வண்டியும் அங்கே சந்திப்பதே இல்லை. நகரத் தெருவில் அப்படிச் செய்ய முடியாது. அங்கே திட்டுக்கட்டைக்கு அப்பால் ஒதுங்கி வரும் மிதிவண்டி, காரோட்டியின் கவனத்திலிருந்தும் ஒதுங்கிவிடுகிறது. சந்திப்பு வந்ததும் திடீரென்று அவர்முன் தோன்றுகிறது. நம் நாட்டில் இடப்புறம் திரும்பும் கார்தான் எமன்.

அப்பாவை இடித்ததும் அப்படித் திரும்பிய கார்தான். பெட்ரோல் நிலைய நுழைவாயிலும் ஒரு சந்திப்பே. தனிப்பாதை இருந்திருந்தாலும் அந்த இடத்தில் அது அறுபட்டுத்தான் போயிருக்கும். உறவினர்களிடம் இதைச் சொன்னபோது, படித்தவன் குதர்க்கம் பேசுகிறான் என்றார்கள்.

இதற்கு நெதர்லாந்து நாட்டார் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1971இல் அங்கே சாலையில் இறந்தோர் ஏறக்குறைய 3,300 பேர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். இன்று அங்குள்ள பல சந்திப்புகளில் மிதிவண்டிப் பாதை ஏறத்தாழ ஒரு கார் நீளம் உள்ளே தள்ளிக் கடக்கிறது. கார் முதலில் திரும்பி முடிக்கிறது. பிறகே மிதிவண்டி அதன் கண்ணெதிரே வருகிறது. கடக்கும் இடம் மேடாக்கப்பட்டிருப்பதால் வேகமும் குறைகிறது.

நம் சுரங்கப் பாதைக்கும் விலை உண்டு. மாணவனாக இருந்தபோது, வார இறுதியில் கிள்ளானில் பகுதிநேர வேலை முடித்து இரவில் அதன் வழியாகத்தான் திரும்புவேன். கூர்மையான வளைவு, அணைந்த விளக்கு, மழை பெய்தால் தேங்கும் நீர், பாலத்தடியில் ஒதுங்கி நிற்போர் கூட்டம். உடன் வேலை செய்த தோழி ஒருத்தியிடம் அங்கே பையைப் பறித்தார்கள். அதன்பின் அவள் தனிப்பாதையை விட்டுவிட்டு லாரிகளோடு பெருஞ்சாலையிலேயே போனாள். விபத்துக்கு அஞ்சிக் கட்டிய பாதையைத் திருடனுக்கு அஞ்சிக் கைவிடுவதை எந்தப் புள்ளிவிவரத்தில் சேர்ப்பது? மிதிவண்டிக்கு அங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. மணிக்கு 15 கிலோமீட்டரில் போவதும் 70இல் போவதும் அந்தக் குறுகிய பாதையை இருளில் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

கோலாலம்பூரின் முயற்சிகளை நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 2015இல் மிட்வேலியிலிருந்து மெர்டேக்கா சதுக்கம் வரை ஒரு பாதை வந்தது. 2018 பிப்ரவரியில், உலக நகர்ப்புற மாநாட்டையொட்டி மாநகர் மையத்தில் நீலவண்ணப் பாதை தீட்டப்பட்டது. தீட்டிய சில நாள்களிலேயே கார்கள் அதன்மேல் நிறுத்தப்பட்ட படங்கள் பரவின. சாயம் காரைத் தடுக்காது. அதைவிட மோசம், நீலக்கோட்டுக்கு வெளியே வரும் மிதிவண்டியைப் பார்த்து "உன் பாதையில் போ" என்று ஹாரன் அடிக்கும் உரிமையைச் சிலருக்கு அது தந்துவிடுகிறது.

ஆகவே, டெங்கிலுக்குத் தனிப்பாதை வேண்டாம் என்பதா என் கருத்து? இல்லை. லாரி ஓடும் நீண்ட சாலையில் திட்டுக்கட்டை வைத்த பாதை உயிர் காக்கும். கூட்டரசு நெடுஞ்சாலை அதற்குச் சாட்சி. ஆனால், பணம் குறைவாக இருந்தால் பத்துக் கிலோமீட்டர் சாயத்தைவிட, அடுக்குமாடிக்கும் கடைத்தெருவுக்கும் இடையிலுள்ள நுழைவாயில்களையும் சந்திப்புகளையும் முதலில் சீர்செய்யச் சொல்வேன். ஏரிக்கரைப் பாதை அழகானதுதான். ஆனால் அங்கே அப்பாவுக்கு மீன் வாங்கக் கடையில்லை.

கை கூடியதும் அப்பா மறுபடியும் மிதிவண்டியை எடுத்துவிட்டார். அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டார். ஒரே ஒரு மாற்றம்: பெட்ரோல் நிலையம் நெருங்கியதும் அப்பா இறங்கி, பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்து, நுழைவாயிலைத் தாண்டும் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே நடக்கிறார்.