வல்லத்துக் கணித மேதை

குற்றாலச் சாரல் வீசும் இலத்தூர், வல்லம், செங்கோட்டை ஆகிய ஊர்கள் ஒன்றற்கொன்று சில கல் தொலைவிலேயே உள்ளவை. இவ்வட்டாரத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் அருவியைப் பற்றிப் பேசுவர். குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரைப் பற்றியும் பேசுவர். எண்ணியலில் உலகறிந்த முடிவுகளைக் கண்ட ஒருவர் இங்கே பிறந்தார் என்பதை எடுத்துரைப்போர் சிலரே. அவர் பெயர் சிவசங்கரநாராயண பிள்ளை. 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் வல்லத்திலே பிறந்தார். தந்தையார் சுப்பையா பிள்ளை. தாயார் கோமதி அம்மாள். சங்கரநாராயணர், கோமதி என்னும் பெயர்களைக் கேட்டவுடனே சங்கரன்கோயில் நினைவுக்கு வருமன்றோ?

பிறந்து ஓராண்டிலேயே தாயை இழந்தார். செங்கோட்டையில் பள்ளியிறுதி வகுப்பிலே பயின்றுகொண்டிருந்தபோது தந்தையும் மறைந்தார். அக்காலத்தில் இத்தகைய நிலையில் இருந்த மாணவன் படிப்பை நிறுத்திவிட்டு ஏதேனும் ஒரு கணக்கெழுதும் வேலைக்குப் போவதே இயல்பு. ஆனால் சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் அவருடைய திறமையை முன்னரே கண்டு வைத்திருந்தார். தம் சிறு ஊதியத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி அவரைத் தொடர்ந்து படிக்க வைத்தார். அன்றைய பள்ளி ஆசிரியரின் ஊதியத்தில் ஒரு பகுதி என்றால் அது எத்துணைச் சிறிய தொகையாக இருக்கும்! பின்னாளில் எண்ணியலுக்குக் கிடைத்த செல்வத்திற்கு அதுவே முதல்.

செங்கோட்டை 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரைச் சார்ந்த பகுதியாக இருந்தது. ஆதலின் அவர் கல்வி தெற்கு நோக்கியே சென்றது. நாகர்கோயில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட்டும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ.யும் முடித்தார். 1927இல் ஆராய்ச்சி மாணவராகச் சென்னைப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே ஆனந்தராவ், வைத்தியநாதசாமி ஆகிய இருவரின் துணை அவருக்குக் கிடைத்தது. ஆனந்தராவ் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்றவர். இராமானுஜன் அங்கிருந்த காலத்திலேயே தாமும் அங்கிருந்தவர். 1929இல் சிதம்பரத்தை அடுத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. பிள்ளை அங்கே விரிவுரையாளரானார். அவருடைய சிறந்த பணிகள் பலவும் அங்கிருந்த பன்னிரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்தவையே.

அப்பணிகளுள் தலையாயது எது? மாணவர்களே, 23 என்னும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதனைக் கன எண்களின் கூட்டலாக எழுத வேண்டும். 1, 8, 27 என்பன கன எண்கள். 27 நம் எண்ணைவிடப் பெரிது, அது உதவாது. இரண்டு எட்டுகள் சேர்ந்து 16 ஆகும். எஞ்சிய 7க்கு ஏழு ஒன்றுகள் வேண்டும். ஆக, ஒன்பது கன எண்கள் தேவை. எந்த எண்ணுக்கும் ஒன்பது போதும் என்று 1770இல் வாரிங் என்னும் ஆங்கிலேயர் எழுதினார். வர்க்க எண்களானால் நான்கு போதும், நான்காம் அடுக்கு எண்களானால் பத்தொன்பது போதும் என்றும் எழுதினார். ஆனால் நிறுவிக் காட்டவில்லை. நான்கு வர்க்கங்கள் போதும் என்பதை அதே ஆண்டில் லக்ராஞ்சு நிறுவினார். கன எண்களுக்கோ நூறாண்டுக்கு மேலாகக் காத்திருக்க நேர்ந்தது.

இனி, ஆறாம் அடுக்கைப் பார்ப்போம். 2இன் ஆறாம் அடுக்கு 64. 3இன் ஆறாம் அடுக்கு 729. இப்பொழுது 703 என்னும் எண்ணை நோக்குக. 729 அதனுள் அடங்காது. பத்து 64கள் 640 ஆகும். எஞ்சிய 63க்கு அறுபத்து மூன்று ஒன்றுகள். ஆக, 73 உறுப்புகள் வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆகாது என்பது பள்ளிச் சிறுவனும் காணக்கூடியது. ஆனால் எந்த எண்ணுக்கும் 73 போதும் என்று காட்டுவது வேறு வகையான செயல். எண்களுக்கு முடிவேது? ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க இயலாது. பெரிய எண்கள் அனைத்தையும் நுண்ணிய பகுப்பாய்வால் ஒருசேர அடக்கி, எஞ்சிய சிறு எண்களைத் தனியே ஆராய வேண்டும். 1940இல் பிள்ளை இதனைச் செய்து முடித்தார்.

ஏழு முதலான உயர் அடுக்குகளின் செய்தியோ இன்னும் சுவையானது. சோவியத் அறிஞர் வினகிராதவ் வகுத்த புதிய முறையைக் கொண்டு, அவ்வடுக்குகளுக்கு உரிய பொது விதியை, ஒரு குறிப்பிட்ட நிபந்தனை பொருந்துமிடத்து, பிள்ளை 1936ஐ ஒட்டிக் கண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் சிக்காகோவிலிருந்த டிக்சனும் தனியே அதனைக் கண்டார். டிக்சனின் கட்டுரை அமெரிக்கக் கணித இதழில் வந்தது. பிள்ளையின் கட்டுரை அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழில் வந்தது. எது அறிஞர் கைகளை விரைவில் எட்டியிருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

நீங்களே சோதித்துப் பார்க்கக்கூடிய அவருடைய முடிவு ஒன்றும் உண்டு. தொடர்ச்சியான எண்கள் சிலவற்றை எழுதுங்கள். பதினாறுக்கு மேற்படாமல் எழுதுங்கள். அவற்றுள் மற்ற எல்லாவற்றோடும் சார்பகா எண்ணாக நிற்பது ஒன்றேனும் இருக்கும். 8, 9, 10, 11 என்பவற்றில் 9 அத்தகையது. பதினேழு எண்களாயின் இவ்விதி தவறிவிடும். 2184 முதல் 2200 வரை எழுதிப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணும் வேறொன்றோடு ஒரு பொதுக் காரணியைப் பகிர்ந்துகொண்டிருக்கும்.

1941இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திற்கும், அடுத்த ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஓராண்டு தங்கி ஆராய அவரை அழைத்தது. ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்வதாக அவர் புறப்பட்டார். கெய்ரோவிலிருந்து எழுந்த விமானம் 1950 ஆகஸ்டு 31ஆம் நாள் எகிப்து நாட்டிலேயே வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். மாநாடு அதற்கு முந்திய நாளிலேதான் தொடங்கியிருந்தது. பிள்ளைக்கு வயது 49.

அவர் விட்டுச்சென்ற வினாக்கள் வேலை வாங்கிக்கொண்டே இருக்கின்றன. வர்க்கம், கனம் முதலிய அடுக்கு எண்களுள் இரண்டு எண்களுக்கிடையே ஒரு குறிப்பிட்ட வேறுபாடு சில முறைகளே நிகழும் என்பது அவர் கருத்து. 27க்கும் 25க்கும் வேறுபாடு 2; 9க்கும் 8க்கும் வேறுபாடு 1. வேறுபாடு 1 ஆவது 8, 9 என்னும் இணையில் மட்டுமே என்பதை மிஹைலெஸ்கு 2002இல் நிறுவினார். வேறுபாடு 2 ஆகும் இடங்கள் எத்தனை என்பது இன்றும் தீராத கேள்வி. வாரிங் கணக்கில் எஞ்சியிருந்த ஐந்தாம் அடுக்கினைச் சீன அறிஞர் சென் 1964இல் முடித்தார். நான்காம் அடுக்குக்குப் பத்தொன்பது போதும் என்பது 1986இல்தான் உறுதியாயிற்று. அதனை நிறுவிய மூவருள் இருவர் பிரெஞ்சுக்காரர். மற்றவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய பாலசுப்பிரமணியன். பிள்ளையின் கட்டுரைகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்ட பதிப்பாசிரியர்களுள் அவரும் ஒருவர்.