ஒரு கிரவுண்டில் ஐந்து பங்கு

1931-ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிற்பாடு, பட்டணத்து வாடகைக்கு அஞ்சிய குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர் என்று மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்து, பிராவிடண்டு பண்டில் கடன் வாங்கியும் மனைவியின் வளையலை அடகு வைத்தும் ஒரு கிரவுண்டு மனையில் வீடு கட்டிக் குடியேறினார்கள். வீட்டுக்குப் பத்திரம் கணவர் பெயரில் இருந்தது. வளையலுக்குப் பத்திரம் இல்லை. அவர் உயில் எழுதாமலே கண்ணை மூடி, காரியங்கள் முடிந்து, வாசல் பந்தலைப் பிரிக்கும் வேளையில், “அவருக்குப் பிறகு எல்லாம் எனக்குத்தானே?” என்று அந்த அம்மாள் கேட்கிறாள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்தவரின் சுயார்ஜிதச் சொத்தில் மனைவி, ஒவ்வொரு மகன், ஒவ்வொரு மகள், ஜீவித்திருந்தால் அவருடைய தாயார் ஆகிய எல்லோருக்கும் சமபாகம். மூன்று பிள்ளைகளும் மாமியாரும் உள்ள வீட்டில் மனைவிக்கு ஐந்தில் ஒன்று. 2400 சதுர அடியில் 480. (தகப்பனாருக்கு முதல் வரிசையில் இடமே இல்லையென்பது வேறு வேடிக்கை.) ஆயினும் இதை அற்பமென்று தள்ளுவதற்கில்லை, 1937-ஆம் வருஷத்துச் சட்டம்கூட விதவைக்குத் தந்தது ஆயுட்கால அனுபவ பாத்தியதை மட்டுமே. பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929-இல் சுயமரியாதை மாநாடு தீர்மானித்த செங்கல்பட்டு, இதே ரயில் பாதையில் தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கிறது.

தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டால் பாகம் தீர்ந்ததென்று நினைப்பவர்கள் பலர். வாரிசு யார் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. கலகம் பிறப்பது, பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில்தான். “1989-க்கு முன்பே கல்யாணமான உனக்கு ஏது பங்கு?” என்று தமையன் அதட்டுவான்; அந்த ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் கூட்டுக்குடும்பத்துப் பூர்வீகச் சொத்தைப் பற்றியதென்பதும், தகப்பனாரின் சுயார்ஜிதத்தில் மகளுக்கு 1956 முதலே பங்குண்டென்பதும் அவனுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்ல மாட்டான். அடுக்குமாடி கட்ட வரும் புரோமோட்டரோ எல்லோருடைய கையெழுத்தும் வேண்டுமென்கிறார். ஒன்று குறைந்தாலும் வீடு பூட்டிக் கிடக்கிறது.

உயிலின்றி இறப்பவர் பெண்ணாக இருந்தால் நியாயம் இன்னும் விசித்திரமானது. மணமாகி மூன்று மாதத்தில் கணவனை இழந்து, புக்ககத்தாரால் துரத்தப்பட்டு, பிறந்தகத்தில் இருந்தபடி படித்து உத்தியோகம் பார்த்துச் சேர்த்த ஒரு பெண்மணியின் பணம், உயிலும் பிள்ளையும் இல்லாத காரணத்தால், பெற்ற தாய்க்கன்றிக் கணவன் பக்கத்தாருக்கே சேருமென்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இல்லத்தரசியின் உழைப்பும் வீடு வாங்கிய விலையில் ஒரு பகுதியே என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஏற்று, ஒரு மனைவிக்குச் சரிபாதி அளித்தார். வழக்கைத் தொடுத்தவர் அவளுடைய கணவர். நடுவில் அவர் காலமானதும் அவரிடத்தில் நின்று தாயை எதிர்த்து வழக்காடியவர்கள் அவள் பெற்ற பிள்ளைகள்.