சர் தாமஸ் மன்றோ

மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் "பட்டா யார் பெயரில் இருக்கிறது?" என்னும் வினா எழாத நாளில்லை. அரசே உழவனுக்கு நேரில் பட்டா வழங்கும் முறையைச் சென்னை மாகாணத்தில் நிலைநாட்டியவர், சட்டம் பயின்றவரல்லர். வாளேந்தி வந்த படைவீரர். கிளாஸ்கோ நகரில் 1761இல் பிறந்து, 1780இல் கும்பினிப் படையில் சேர்ந்து சென்னை வந்த தாமஸ் மன்றோவே அவர்.

ஹைதர் அலியோடும் திப்புவோடும் நிகழ்ந்த போர்களுக்குப் பின், 1792 முதல் ஏழாண்டு, சேலத்தையடுத்த பாராமகாலில் ரீடு என்னும் அதிகாரியின்கீழ்த் தீர்வைப் பணி ஏற்றார். ஊர் ஊராகச் சென்று, கூடாரத்தில் தங்கி, உழவர் குறை கேட்டார். இப்பயிற்சியே அவரை உருவாக்கியது என்பது என் துணிபு. பின்னர்க் கடப்பை, பெல்லாரிப் பகுதிகளை ஆண்டபோது, தீர்வை மிகுதி என்று கண்டு, கால்பங்கு குறைக்குமாறு 1807இல் எழுதினார். மேலிடம் இசையவில்லை. தாமே ஆளுநரான 1820இல்தான் அது நிறைவேறிற்று.

நீதித்துறையில் அவர் செய்த மாறுதல் இதனினும் பெரிது. வங்காளத்தைப் பின்பற்றி 1802இல் இங்கும் ஜில்லாக் கோர்ட்டுகள் எழுந்தன. அற்பக் கடன் வழக்குக்கும் உழவன் ஏரை நிறுத்திவிட்டுத் தொலைவூரில் காத்துக் கிடந்தான். 1814இல் நீதி விசாரணைக் குழுவின் தலைவராகத் திரும்பிவந்த மன்றோவின் முயற்சியால், 1816இல் கிராமத் தலைவரே முன்சீபாகிப் பத்து ரூபாய் வரையிலான வழக்குகளைத் தீர்க்கும் உரிமை பெற்றார். 1980இல் அப்பதவி ஒழியும்வரை, எங்கள் இளமையில், கிராம முன்சீப் என்றால் ஊரே எழுந்து நிற்கும்!

இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகள் 1803 முதல் நிலையான ஜமீன்களாயின. அங்கே உழவனுக்கும் அரசுக்கும் இடையில் ஜமீன்தார் நின்றார். மதுரைப் பக்கத்து அரசு நிலங்களில் இரயத்துவாரி முறையால் அவ்விடையாள் இல்லை. ஆயினும், நிலமின்றிக் கூலிக்கு உழைத்தவனுக்கு இம்முறை யாதும் தரவில்லை. பாடநூல்கள் இதனை விரைந்து கடந்துவிடுகின்றன.

1822இல் மாகாணமெங்கும் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். மதுரைக் கணக்கை அனுப்பியவர், மீனாட்சியம்மனுக்குப் பொன் அங்கவடி அளித்தவராக நம்மவர் இன்றும் போற்றும் பீட்டர் துரை. மாகாணம் முழுவதும் சேர்த்து 12,498 பள்ளிகள், 1,88,650 மாணாக்கர். வீட்டில் கற்போரையும் சேர்த்தால் சிறுவருள் மூன்றிலொரு பங்கினர் கல்வி பெறுகின்றனர் என 1826இல் மதிப்பிட்டார். நாட்டாருக்கு உயர்பதவி அளித்தாலன்றிக் கல்வியால் பயன் விளையாது என்றும், தம்மைத் தாமே ஆளும் தகுதியை இந்நாட்டார் எய்தும் நாளில் ஆங்கிலேயர் ஆட்சி படிப்படியாக விலகவேண்டும் என்றும் 1824இலேயே எழுதிவைத்தவர் அவர்.

தாயகம் திரும்புமுன், தாம் முன்பு ஆண்ட மக்களைக் காணச் சென்றார். வழியில் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு 1827 ஜூலை 6ஆம் நாள் காலமானார். சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் அவர் சிலை 1839இல் நிறுவப்பெற்றது. அக்குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. அடுத்தமுறை சென்னை செல்வோர் உற்றுநோக்குக.