“அட்டைப்படம் ரெடிக்கா, உள்ளேதான் ஒண்ணுமில்ல!” - கூட்டேரிப்பட்டு டீக்கடையில் உருவாகும் ஓர் இளைஞர் பத்திரிகை

“கூட்டேரிப்பட்டுல நிக்காதும்மா. திண்டிவனத்துல இறங்கி டவுன் பஸ் புடிச்சுக்க” என்றார் கண்டக்டர். பிறந்து வளர்ந்த ஊர்ப்பக்கம் போக எனக்கு இன்னமும் ரெண்டு பஸ் வேண்டியிருக்கிறது.

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில், திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் போகிற வழியில் இருக்கிறது கூட்டேரிப்பட்டு. மயிலம் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கேதான் திரும்புவார்கள். மற்றவர்களுக்கு இது கார் கண்ணாடி வழியாகக் கடந்துபோகும் ஒரு பெயர்ப்பலகை. அங்கே ஒரு டீக்கடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நான்கு பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். மூன்று பையன்கள், ஒரு பெண். எல்லோருக்கும் இருபது, இருபத்தொன்று வயசு. கையில் ஒரு லேப்டாப்.

போன மாதம் அந்தத் தங்கச்சிதான் போன் செய்தாள். “அக்கா, நாங்க ஒரு பத்திரிகை ஆரம்பிக்கப் போறோம். நம்ம பக்கத்துப் பசங்களுக்குன்னு. நீங்க பத்திரிகையிலதான வேலை செய்றீங்க, வந்து பாத்துச் சொல்லுங்க.” தமிழ் இலக்கியம் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

லேப்டாப்பைத் திறந்து காட்டினார்கள். அட்டைப்படம் பிரமாதமாக இருந்தது. செஞ்சிக்கோட்டை, அதன் மேல் ஒரு பையன் பறையோடு குதிக்கிறான், தலைப்பு எழுத்து தீப்பிடித்து எரிகிறது. “உள்ளே?” என்றேன். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அட்டைப்படம் ரெடிக்கா, உள்ளேதான் ஒண்ணுமில்ல” என்றான் ஒருவன்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. டிப்ளமோ படித்தபோது நாங்களும் இப்படித்தான் ஆரம்பித்தோம். மூன்று வாரம் லோகோவுக்கே போனது. 500 பிரதி அடித்தோம். இரண்டாவது இதழோடு நின்றுபோனது. விற்காத கட்டுகள் ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் கிடந்தன, கடைசி வருடம் பழைய பேப்பருக்குப் போட்டோம். எழுத ஆள் இல்லாமல் அது சாகவில்லை. அதை யார் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான்.

அதனால் லேப்டாப்பை மூடச் சொன்னேன். டீக்கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நான்கு ஏ4 தாள் வாங்கிவரச் சொன்னேன்.

நாலு தாள், 16 பக்கம்

நீங்களும் செய்து பார்க்கலாம். நான்கு ஏ4 தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுவில் மடியுங்கள். ஒரு தாளுக்கு நான்கு பக்கம், மொத்தம் 16 பக்கத்தில் ஏ5 அளவில் ஒரு குட்டிப் புத்தகம். மடிப்பில் ரெண்டு ஸ்டேப்ளர் பின் அடித்தால் பத்திரிகை. அச்சுக்காரர்கள் இதை ‘டம்மி’ என்பார்கள். இதில் பென்சிலால் 1 முதல் 16 வரை எண் போட்டுவிட்டுத் தாள்களைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வெளித்தாளில் 16-ம் 1-ம் ஜோடி, அதன் பின்பக்கம் 2-ம் 15-ம். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17. பிளானிங் என்று நான் கற்றுக்கொண்டது இந்தத் தாள்களில்தான். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருந்தாக வேண்டும்; ‘இன்னும் ஒரு கவிதை சேர்த்துக்கலாம்’ என்று யாராவது சொன்னால், அந்த ஒரு கவிதைக்கு ஒரு தாள் கூடும், நான்கு பக்கம் கூடும். பெரிய போட்டோ வேண்டுமா? 8, 9-ம் பக்கத்தில் வையுங்கள். ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் அமைகிற நடுப்பக்கம் அது மட்டும்தான். மற்ற இடத்தில் படம் ரெண்டாக வெட்டுப்பட்டு, மூக்கு ஒரு பக்கம் காது ஒரு பக்கம் நிற்கும்.

“ஏ4-ல பெருசா, ரெண்டு காலமா போட்டா கெத்தா இருக்குமேக்கா?” என்றான் டிசைன் செய்தவன்.

கெத்துதான். ஆனால் இவர்களே அதை பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறார்கள். போனில் ரெண்டு காலம் பக்கத்தை விரலால் இழுத்து இழுத்துப் படிக்க யாருக்குப் பொறுமை? ஏ5 பக்கம் போன் திரையில் அப்படியே உட்காரும். இன்னொன்று, தமிழ்ச் சொற்கள் நீளம். ‘கேட்டுக்கொண்டிருந்தார்கள்’ என்ற ஒரு சொல் குறுகிய காலத்தில் பாதி வரியை அடைத்துவிடும். இருபுறமும் நேராக வெட்டினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை தெரியும். இடதுபுறம் மட்டும் நேராக, வலதுபுறம் விட்டுவிடுவது நல்லது. வரிகளுக்கு இடையே கொஞ்சம் தாராளமாக இடம் விட வேண்டும், ‘கு’வின் வாலும் ‘கி’யின் கொம்பும் முட்டிக்கொள்ளக் கூடாது.

எழுத்துருவுக்குக் காசு தேவையில்லை. மீரா இனிமை, முக்த மலர், காட்டாமரன், பலூ தம்பி எல்லாம் சட்டப்படியே இலவசம். உடம்புக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று. மூன்றாவதைத் தொட்டால் கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும் என்று சொன்னேன். தீப்பிடித்த எழுத்துக்காரனுக்கு முகம் வாடிப்போனது.

நிறமும் அப்படித்தான். ஆஃப்செட்டில் ஒரு நிறத்துக்கு ஒரு பிளேட். முழு வண்ணம் என்றால் நான்கு. குறைந்த பிரதிக்கு அந்தச் செலவு கட்டாது. கறுப்பு மை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அட்டைக்குக் கலர் பேப்பர் போட்டால் ரெண்டு நிறம் கிடைத்துவிடும். சிறுபத்திரிகைகளில் ஆதிமூலம் போன்ற ஓவியர்கள் வரைந்த கோட்டோவியங்களைப் பாருங்கள். வெறும் கறுப்புக் கோடு, ஆனால் ஐம்பது வருடம் கழித்தும் கண் அங்கேயே நிற்கிறது.

இவர்களுக்கு முன்னால்

“இதெல்லாம் முன்னாடி யாராச்சும் பண்ணியிருக்காங்களா?” என்று கேட்டாள் தங்கச்சி. தமிழ் இலக்கியம் படிக்கிறவளுக்கே பாடத்தில் ஒரு வரியாகத்தான் வந்திருக்கிறது.

1970 அக்டோபரில் சென்னையில் ‘கசடதபற’ வந்தது. நா. கிருஷ்ணமூர்த்தி ஆசிரியர். ஞானக்கூத்தன், சா. கந்தசாமி, ந. முத்துசாமி, க்ரியா ராமகிருஷ்ணன் என்று ஒரு கூட்டம். இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருந்தவர்கள். அப்போது வந்துகொண்டிருந்த எழுத்தின் மீதும் பத்திரிகைகள் மீதும் அவர்களுக்குக் கோபம். அந்தக் கோபத்தைப் பெயரிலேயே வைத்தார்கள். ஆறு வல்லின எழுத்து, கீழே ‘வல்லின மாத ஏடு’. லோகோ தீப்பிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அதற்கு ரெண்டு வருடம் முன்னால் சேலத்திலிருந்து சி. மணியின் முயற்சியில் ‘நடை’ வந்தது. காலாண்டிதழ், எட்டே இதழ். 1971-ல் கோவையில் ‘வானம்பாடி’. கவிதைக்காகவே நடந்த அதற்கு விலையே வைக்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது யாழ்ப்பாணத்துக் கதை. டொமினிக் ஜீவா 1966-ல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். முடி வெட்டும் சலூன்தான் அலுவலகம். இதழை அவரே கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து விற்றார். அது 400 இதழ்களைத் தாண்டிப் போனது. இங்கே சி.சு. செல்லப்பாவும் அப்படித்தான். மனைவியின் நகையை விற்று 1959-ல் ‘எழுத்து’ தொடங்கியவர், புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். 119 இதழ்.

இதைச் சொன்னதும் பையன்களில் ஒருவன், அதுவரை வாயே திறக்காதவன், “அப்போ நாம யாரு சுமக்கிறது?” என்று கேட்டான். அன்றைக்குக் கேட்கப்பட்ட நல்ல கேள்வி அதுதான்.

சனி, ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போகிறவன் அவன். பத்திரிகைக்குப் பணம் போடுவதும் அவன்தான், அந்தக் கூலியில்தான். ஆகவே கணக்கு அவனுக்கு முக்கியம். 500 வேண்டாம், 200 போதும் என்று முடிவானது. 200 பிரதி எங்கே போகும் என்று டம்மியின் பின்னட்டையில் எழுதினோம். மயிலத்தில் 1938-லிருந்து இருக்கிற தமிழ்க் கல்லூரி, திண்டிவனம் அரசுக் கல்லூரி, விழுப்புரம் அண்ணா கல்லூரி. குரூப் ஃபோருக்குப் படிக்கிற அண்ணன்கள் உட்காரும் நூலகம். அப்புறம் கடைகள். இங்கே பேச்சு கொஞ்சம் நின்றது. ஊர்க் கடையில் மட்டும் வைத்தால் காலனிப் பிள்ளைகள் வந்து எடுக்க மாட்டார்கள். காலனியில் மட்டும் வைத்தால் அது ‘அவங்க பத்திரிகை’ ஆகிவிடும். இந்த மேஜையில் ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் இதைச் சத்தமாகப் பேசியது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ரெண்டு இடத்திலும் வைப்பது, மாற்றி மாற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பது, அதாவது காலனிக்கு ஊர்ப் பையன், ஊருக்குக் காலனிப் பையன் என்று எழுதிக்கொண்டார்கள். நடக்குமா என்று அவர்களுக்கே சந்தேகம். டீ ஆறிப்போயிருந்தது, இன்னொரு ரவுண்டு சொன்னோம்.

உள்ளே என்ன போடுவது என்ற கேள்வி அதன் பிறகு தானாகக் கரைந்தது. யார் கையில் போகிறது என்று தெரிந்துவிட்டால் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. ராத்திரி கூத்தில் வேஷம் கட்டிவிட்டுக் காலையில் கல்லூரிக்கு வருகிற பையன். மரக்காணம் உப்பளத்தில் லீவுக்கு வேலை பார்க்கும் பெண். மயிலம் பங்குனி உத்திரத் தேருக்குப் போடுகிற டி-ஷர்ட்டில் என்ன அச்சடிப்பது என்று வருடாவருடம் நடக்கிற சண்டை. டென்னிஸ் பால் டோர்னமென்ட். மண்டகப்பட்டு குடைவரை. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்ட இடம் அது. இன்ஸ்டா ரீல் எடுக்கப் போகும் எத்தனை பேருக்கு அது தெரியும்? விழுப்புரம் அரசுக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த பழமலய், 1988-ல் ‘சனங்களின் கதை’யில் இந்தப் பக்கத்து மனிதர்களையும் அவர்கள் பேச்சையும் கவிதைக்குள் கொண்டுவந்தார். அதைப் படித்துவிட்டு எழுத உட்காருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மாத இதழ் என்று அறிவித்திருந்தார்கள். வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். நடுவில் செமஸ்டர் வரும். மூன்று மாதத்துக்கு ஒன்று, அதிலும் ரெண்டாவது இதழுக்கான விஷயம் கையில் இருந்தால்தான் முதல் இதழ் வெளியே போக வேண்டும்.

இரண்டாம் பக்கம்

கடைசியாக மிஞ்சியது 2-ம் பக்கம். ஆசிரியர், வெளியிடுபவர், முகவரி வருகிற இடம். குறிப்பிட்ட இடைவெளியில் செய்தியும் அதன் மீதான கருத்தும் அச்சிட்டு வெளியிட்டால் பதிவு செய்ய வேண்டும். 1867-ம் வருடச் சட்டம் போய், 2023-ல் புதுச் சட்டம் வந்து, 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பம் எல்லாம் இப்போது ஆன்லைனில்தான். அதில் ஒருவர் பெயர் வேண்டும்.

பெயர் சாதாரண விஷயமில்லை. 1908-ல் சென்னையில் ‘இந்தியா’ பத்திரிகை மீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது, பதிவேட்டில் ஆசிரியராக இருந்த சீனிவாசன் கைதானார். எழுதிய பாரதி புதுச்சேரிக்குப் போனார். அங்கே அதே அக்டோபரில் ‘இந்தியா’ மறுபடி வந்தது. பாரதிக்கு அப்போது வயசு 25, எனக்கும் இப்போது அதேதான் (ஒப்பிடவில்லை, சும்மா சொன்னேன்). கார்ட்டூனோடு வந்த அந்தப் பத்திரிகையை எல்லை தாண்டி உள்ளே விடாமல் பிரிட்டிஷ் அரசு தடுத்தது. வாசகரிடம் போக வழியில்லாமல் 1910-ல் நின்றுபோனது.

இன்றைக்கு யாரும் ஜெயிலுக்குப் போகப் போவதில்லை. ஆனால் மேஜையில் மூன்று பையன்களும் தங்கச்சியைப் பார்த்தார்கள். எழுத்தாளர்களைப் பிடித்தது, கட்டுரைகளைத் திருத்தியது, எனக்கு போன் போட்டது எல்லாம் அவள். ஆசிரியர் அவள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

“எங்க வீட்ல பேரு வரக் கூடாதுன்னுட்டாங்கக்கா. பொண்ணு பேரு ஊர்ல கண்டவன் கையிலயும் போகக் கூடாதாம். அப்பா அதுக்கு மேல பேசவே விடல.”

“என் பேரப் போட்டுக்கலாம், ஒண்ணும் பிரச்னையில்ல” என்றான் டிசைன் பையன். நல்ல மனசோடுதான் சொன்னான். அவள் பதில் சொல்லவில்லை. கேட்டரிங் பையன் டம்மியை அவள் பக்கம் நகர்த்தினான். “பேரு இல்லன்னா நான் காசு தர்ல” என்றான். விளையாட்டா, நிஜமா தெரியவில்லை.

புனைபெயர் வைக்கலாம் என்று நான் இழுத்தேன். சொன்ன உடனே எனக்கே பிடிக்கவில்லை.

ஐந்தரை மணிக்கு விழுப்புரம் பஸ் வந்தது. நான் எழுந்தபோது அவள் பென்சிலை வாங்கி, 2-ம் பக்கத்தில் ‘ஆசிரியர்’ என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரை இன்ஷியலோடு முழுசாக எழுதினாள். இன்ஷியலை மட்டும் ஒருமுறை அழித்துவிட்டு, மறுபடி எழுதினாள்.

“வீட்ல பேசிட்டு சொல்றேங்கக்கா. அதுவரைக்கும் நீங்க எங்கயும் என் பேரப் போட்டுடாதீங்க.”

முதல் இதழ் பொங்கலுக்கு. அவள் இன்னும் போன் செய்யவில்லை.