திறன்கடிகாரத்தில் தமிழில் விரைவுப் பதில்

ஸ்மார்ட்வாட்ச் எனப் பரவலாக அழைக்கப்படும் திறன்கடிகாரத்தில், வந்த செய்திக்குக் கைப்பேசியை எடுக்காமலேயே சில சொற்களில் மறுமொழி அனுப்பும் வசதி விரைவுப் பதில் எனப்படுகிறது. முன்பே எழுதி வைத்த தொடரைத் தேர்ந்தெடுத்தல், பேசி எழுதுதல், விரலால் எழுத்தை வரைதல், சிறு விசைப்பலகையில் தட்டுதல் ஆகியவை இதன் முக்கிய வழிகள். தமிழில் பதில் அனுப்புவோருக்கு முதல் வழியே பெரும்பாலும் நம்பகமானது. அதன் காரணங்களை இக்கட்டுரை கள்ளக்குறிச்சி மாவட்டச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

விசைப்பலகையும் சிறு திரையும்

1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 எழுத்துகளுக்குத் தனித்தனி விசைகள் உள்ளன. ஆங்கிலத்துக்கு 26 விசைகள் போதும். தமிழ்99இன் மேல்வரிசையில் மட்டும் 12 விசைகள் வருகின்றன. மூன்றரை சென்டிமீட்டர் அகலத் திரையில் இவற்றை அடுக்கினால் ஒரு விசைக்கு 3 மில்லிமீட்டர்கூடக் கிடைக்காது. விரல் நுனியோ அதைவிடப் பல மடங்கு அகலமானது.

கைப்பேசியில் இச்சிக்கல் முன்பே எதிர்கொள்ளப்பட்டது. முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலி 2005இல் வெளிவந்து, எண்விசைகள் மட்டுமே கொண்ட கைப்பேசிகளில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்தது. கடிகாரத்தில் ஆங்கிலத்துக்கே முழு விசைப்பலகை தாமதமாகத்தான் வந்தது. 2021இல் வெளியான ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 7இல் அது இடம்பெற்றபோது தமிழ் அதில் இல்லை.

பேசி எழுதுதல்

கூகுள் நிறுவனம் 2017இல் தன் குரல்வழி எழுத்து வசதியில் தமிழைச் சேர்த்தது. அமைதியான அறையில் இது நன்கு பயன்படும். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தின் இரைச்சலிலோ, வட்டார வழக்கில் விரைவாகப் பேசும்போதோ சொற்கள் பிழைபடலாம். மேலும், பல கடிகாரங்களில் குரலை எழுத்தாக்க இணைய இணைப்பும் தேவை.

மலைப்பகுதியில் இணைப்பு

புளூடூத் வகைக் கடிகாரம் தானாகச் செய்தி அனுப்புவதில்லை. அருகிலுள்ள கைப்பேசி வழியாகவே அனுப்புகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் பேருந்தில் செல்லும் ஒருவரைக் கருதலாம். மலை மறைப்பில் கைப்பேசி அலைவரிசையை இழந்தால், கடிகாரத்தில் பதிலைத் தொட்டாலும் அது போய்ச் சேராது. தனி இசிம் கொண்ட கடிகாரத்துக்கும் கோபுர அலைவரிசை தேவைதான். எனவே ‘ஊருக்கு வந்துவிட்டேன்’ போன்ற முக்கியச் செய்தி உண்மையில் சென்றதா என்று கைப்பேசியில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

அலைவரிசை நலிந்த இடத்தில் இணையச் செயலியைவிடச் சாதாரணக் குறுஞ்செய்தி சில வேளைகளில் எளிதில் செல்லும். ஆனால், ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழில் 70 குறிகளையே கொள்ளும். ‘வருகிறேன்’ என்பது கண்ணுக்கு 5 எழுத்து. ஒருங்குறியில் வ, ர, உகரக் குறி, க, இகரக் குறி, ற, ஏகாரக் குறி, ன, புள்ளி என 9 குறிகள். வரம்பை மீறினால் செய்தி பல பகுதிகளாகப் பிரிந்து செல்லும். ஒவ்வொரு பகுதியும் தனிச் செய்தியாகக் கணக்கிடப்படலாம். ஆகவே, சுருக்கமான தொடரே சிறந்தது.

தொடர்களை அமைத்தல்

பல கடிகாரங்களுடன் வரும் கைப்பேசிச் செயலியில் விரைவுப் பதில் பட்டியலைத் திருத்தலாம். ஆப்பிள் வாட்சுக்கு ஐபோனின் வாட்ச் செயலியில், மெசேஜஸ் பிரிவின் டிஃபால்ட் ரிப்ளைஸ் பகுதியில் இவ்வசதி உள்ளது. கைப்பேசியின் தமிழ் விசைப்பலகையால் தொடர்களை எழுதிச் சேமித்துவிட்டால், பிறகு ஒரு தொடுதல் போதும். சில மலிவு விலைக் கடிகாரங்களில் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தெரியும். ‘கொ’ போன்றவை சிதையும். வேறு சிலவற்றில் செய்தியைப் படிக்கலாமே தவிர, பதில் அனுப்ப இயலாது. வாங்கும் முன் இரண்டையும் சோதிக்க வேண்டும்.

தமிழ்த் தொடர்களில் மரியாதையையும் கருத வேண்டும். ‘வா’, ‘வாங்க’ என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. தம்பிக்கென எழுதி வைத்த ‘அப்புறம் கூப்பிடு’ என்பதைத் தவறுதலாக ஆசிரியருக்கு அனுப்பினால் சங்கடமாகிவிடும். ஏவல் வினையைத் தவிர்த்துத் தன்மை வினையில் எழுதினால் ஒரே தொடர் எல்லோருக்கும் பொருந்தும். சில எடுத்துக்காட்டுகள்:

- வந்துகொண்டிருக்கிறேன்.
- வகுப்பில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்.
- வண்டி ஓட்டுகிறேன், நின்றதும் பேசுகிறேன்.
- பேருந்தில் ஏறிவிட்டேன்.
- மலையில் இருக்கிறேன், சிக்னல் இருக்காது.

மூன்றாவது தொடரையும் வண்டியை ஓரமாக நிறுத்திய பிறகே அனுப்ப வேண்டும். ஓட்டும்போது கைப்பேசியைப் போலவே கடிகாரத் திரையும் கவனத்தைச் சிதறடிக்கும். ஐந்தாவது தொடரை அலைவரிசை இருக்கும்போதே, மலையேறும் முன் அனுப்பினால்தான் பயன். வீட்டில் காத்திருப்பவர் பதில் வராததைக் கண்டு அஞ்சமாட்டார்.