மாடு மிரளுவதற்குக் காரணங்களும் அதை நடத்தும் முறையும்

"அடியாத மாடு படியாது" என்பது குடியானவர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வண்டியில் பூட்டிய எருது நடுவழியில் நின்றுவிட்டாலும், புதிதாக வாங்கி வந்த பசு தொழுவத்தின் வாயிலைத் தாண்ட மறுத்தாலும், நம் கை முதலில் தேடுவது கோலையே. மாடு பிடிவாதம் செய்கிறதென்றும், இரண்டு அடி விழுந்தால் வழிக்கு வருமென்றும் எண்ணுகிறோம். அவ்வாறு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அச்சமே என்றும், அந்த அச்சத்தை விளைவிக்கும் பொருள் மாட்டின் கண்ணெதிரிலேயே இருக்கிறதென்றும் ஒரு விஞ்ஞானி அரை நூற்றாண்டாக ஆராய்ந்து காட்டியிருக்கிறார். அவ்வாராய்ச்சியின் சாரத்தை மிராசுதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் பெரிதும் பயன் தரும்.

ஆராய்ச்சியாளர்

டெம்பிள் கிராண்டின் அம்மையார் 1947-ம் வருஷம் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள பாஸ்டன் நகரில் பிறந்தவர். ஆட்டிசம் என்னும் மூளை வளர்ச்சி வேறுபாட்டினால் அவருக்கு மூன்று வயது கடந்தும் பேச்சு வரவில்லை. இளம் பருவத்தில் அரிஜோனா மாகாணத்திலுள்ள உறவினரின் மாட்டுப் பண்ணையில் தங்கியிருந்தபோது, ஊசி போடுவதற்காக இருபுறமும் பலகைகளால் மெல்ல அழுத்திப் பிடிக்கப்பட்ட மாடுகளிற் சில அமைதியடைவதைக் கண்டார். அதுமுதல் மாட்டின் மனநிலையை அறிவதே அவருடைய வாழ்க்கைப் பணியாயிற்று. 1989-ல் இல்லினாய் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று, 1990 முதல் கொலராடோ மாகாண சர்வகலாசாலையில் கால்நடை விஞ்ஞான ஆசிரியராக விளங்கினார்.

தாம் சொற்களால் சிந்திப்பதைவிடப் படங்களாகவே சிந்திப்பதாக அவர் எழுதியிருக்கிறார். அரிஜோனாவில் பட்டி மாடுகள் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நிற்பதற்குக் காரணம் அறியும்பொருட்டு, 1970-களில் அவை செல்லும் ஒடுங்கிய வழியில் தாமே இறங்கி, மாட்டின் கண் மட்டத்தில் நின்று நோக்கினார். போட்டோப் படங்களும் எடுத்தார். வேலிக்கு வெளியே நின்ற மனிதருக்குப் புலப்படாத பல விஷயங்கள் அப்போது புலப்பட்டன.

மாடு காண்பதும் கேட்பதும்

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், அது தன்னைச் சுற்றிலும் ஏறக்குறைய முழுமையுமாகக் காணும். நேர் பின்புறம் ஒரு சிறு பகுதி மாத்திரம் அதற்குத் தெரியாது. ஆனால் ஆழத்தை மதிப்பிடும் திறமை அதற்குக் குறைவு. தரையில் விழுந்த கரிய நிழலைப் பள்ளமோ என்று ஐயுற்று, தலையைத் தாழ்த்தி உற்று நோக்கும். அவ்வேளையில் பின்னிருந்து நெருக்கினால் மிரண்டு திரும்பும். சற்று நேரம் பார்க்க விட்டால் தானே நடந்துவிடும்.

மனிதர் செவிக்கு எட்டாத கூர்மையான ஒலிகளையும் மாடு கேட்கும். ஆகையால் சீழ்க்கை, இரும்பு மோதும் சத்தம், ஆட்களின் கூச்சல் ஆகியவை அதை மிகவும் வருத்தும்.

மாடுகள் நின்றுவிடுவதற்கு அம்மையார் கண்ட காரணங்கள் அற்பமானவை போலத் தோன்றும்: ஆடும் சங்கிலித் துண்டு, வேலியில் தொங்கவிட்ட சட்டை, தேங்கிய நீரில் பளிச்சிடும் ஒளி, சாக்கடை மூடி, வெளிச்சத்திலிருந்து இருட்டறைக்குள் செல்லும் வாயில், எதிரே அசையும் மனிதன். இவற்றுள் ஒன்றை அகற்றிய மாத்திரத்தில், அடித்தும் நகராத மாடுகள் தாமே வரிசையாய் நடந்தமையை அவர் பல இடங்களிற் கண்டு எழுதியிருக்கிறார்.

நடத்துபவர் நிற்கவேண்டிய இடம்

ஒவ்வொரு மாட்டைச் சுற்றிலும் ஓர் எல்லை உண்டு. அதற்குள் அன்னியர் புகுந்தால் மாடு விலகும், வெளியேறினால் நிற்கும். மலைப்புறங்களில் மனிதரைக் காணாமல் மேயும் மாட்டுக்கு இவ்வெல்லை 50 மீட்டர் வரையில் இருக்கலாம். கையில் வளர்ந்த பசுவுக்கு எல்லையே இல்லை. நடத்துபவர் இவ்வெல்லையின் ஓரத்தில் நின்று, சற்றே உட்புகுந்தும் வெளிவந்தும் மாட்டைச் செலுத்தவேண்டும். உள்ளே ஆழப் புகுந்தால் அது தெறித்து ஓடும், அல்லது எதிர்த்துப் பாயும்.

இதனோடு அறியவேண்டியது தோளின் நிலை. மாட்டின் தோளுக்குப் பின்னே பக்கவாட்டில் நின்றால் அது முன்னே செல்லும். தோளுக்கு முன்னே நின்றால் பின்வாங்கும். தலைப்பக்கம் நின்றுகொண்டு வாலில் அடிப்பவர், "போ" என்றும் "வராதே" என்றும் ஒரே சமயத்தில் கட்டளையிடுகிறார். இவ்விரண்டில் எதற்குக் கீழ்ப்படிவதென்று மாடு திகைக்கிறது.

அச்சத்தால் நேரும் நஷ்டம்

இது வெறும் ஜீவகாருணியம் பற்றிய விஷயமாத்திரமன்று. கொலராடோவில் 292 காளைக்கிடாக்களையும் 144 கிடாரிகளையும் கொண்டு செய்து 1997-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நிறுக்கும் கூண்டில் அமைதியாய் நின்ற மாட்டுக்கு 1 என்றும், மூர்க்கமாய்த் திமிறியதற்கு 5 என்றும் மதிப்பிட்டார்கள். ஒரே இனத்துக்குள்ளும், மிரட்சி அதிகமான மாடுகள் நாள்தோறும் குறைவாகவே எடை கூடின. கறவைப் பசுக்களின் விஷயத்திலும், 1999-ல் வெளிவந்த கனடா தேசத்து ஆராய்ச்சியொன்றில், முன்பு தன்னை முரட்டுத்தனமாய் நடத்திய ஆள் அருகில் நின்றபோது பசு மடியில் நிறுத்திக்கொண்ட பால் 70 சதவீதம் அதிகமாயிருந்தது.

மாடு கத்துவதையும் அம்மையார் எண்ணிப் பார்த்தார். இறைச்சிக்கூடங்கள் ஆறில் 1,125 மாடுகளைக் கவனித்ததில் 112 மாடுகள் கத்தின. அவற்றுள் இரண்டைத் தவிர மற்றவை யாவும், மின்கோல் பட்டதும் வழுக்கியதும் போன்ற துன்பம் நேர்ந்தவுடனேயே கத்தியவை. வழுக்கல், விழுதல், கத்துதல் ஆகியவற்றைக் கண்ணாலும் காதாலும் எண்ணி மதிப்பிடும் இம்முறை 1999 முதல் அமெரிக்காவில் பெரிய உணவு நிறுவனங்களின் சோதனைகளில் கையாளப்பட்டது. சாகப்போகும் பிராணிக்கும் அச்சமற்ற கடைசி நாழிகை உரியது என்பதே அவர் கொள்கை.

நம் நாட்டு இனங்களின் சம்பந்தம்

மேற்கண்ட 1997-ம் வருஷ ஆராய்ச்சியில் பிராமன் என்னும் இனக் கலப்புள்ள மாடுகளின் மிரட்சி சராசரி 3.45, கலப்பில்லாதவற்றுக்கு 1.80. பிராமன் இனம் கிர் முதலிய இந்தியத் திமில் மாடுகளைக் கொண்டு அமெரிக்காவில் உண்டாக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றாகிய நெல்லூர் மாட்டை நாம் ஓங்கோல் என்று அறிவோம். ஆகவே நம் மாடுகளின் இரத்தத்தைப் பற்றியே இக்கணக்கு பேசுகிறது. இதனால் அவற்றைத் துஷ்ட ஜாதி என்று கொள்ளலாகாது. அன்பாய்ப் பழக்கினால் இவ்வினம் மனிதரிடம் மிகவும் ஒட்டிக்கொள்ளும் என்றும் அம்மையார் எழுதியிருக்கிறார். விரைவில் மிரளும் மாட்டுக்கே கோல் அதிகக் கேடு செய்யும் என்பதே இதனாற் பெறப்படுவது.

கைக்கொள்ளத் தக்கவை

1. மாடு நின்றால், கோலை ஓங்குமுன் அதன் தலை மட்டத்துக்குக் குனிந்து எதிரே பார்க்கவேண்டும். தொங்குவது, ஆடுவது, பளிச்சிடுவது எதுவாயினும் அகற்றவேண்டும்.

2. தொழுவத்திலும் ஊசி போடும் இடத்திலும் தரை வழுக்காதிருக்க வேண்டும். மணல் பரப்பினால் போதும்.

3. மிரண்ட மாடு அமைதியடைய 20 முதல் 30 நிமிஷம் செல்லும். அதுவரையில் அதைத் தொடாதிருத்தல் நலம்.

4. புதிய இடத்தை மாட்டுக்கு முதலில் வெறுமனே காட்டித் தீனி வைக்கவேண்டும். முதல் அனுபவமே அச்சமானால் அது மறவாது.

5. தடுப்பூசி போடும் நாளில் மாட்டைப் பிடிப்பவர் இருவரைத் தவிர மற்றவர்களைக் கிராம உத்தியோகஸ்தர்கள் விலக்கி நிறுத்தவேண்டும்.

இந்த ஐந்தாவதை அனுபவத்தினாற் சொல்லுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் தடுப்பூசி போடுகையில், சினைப்பசு ஒன்று மரச்சட்டத்துக்குள் நுழைய மறுத்தது. கூட்டம் கூச்சலிட்டது. அடிக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். பசு ஈரத்தரையில் வழுக்கி விழுந்து முன்கால் முறிந்தது. பிற்பாடு பார்த்தபோது, சட்டத்தின் மறுகோடியில் யாரோ உலர்த்திய துண்டு காற்றில் அசைந்துகொண்டிருந்தது. அதை எடுக்க ஒரு நிமிஷம் சென்றிராது. அந்தப் பசுவின் சொந்தக்காரருக்கு அதுவே ஒரே கறவை.

அடுத்த முறை மாடு நிற்கும்பொழுது, அது எதைப் பார்த்து நின்றதென்று முதலில் பாருங்கள். செலவில்லாத இச்சிறு வழக்கத்தை ஒவ்வொரு தொழுவத்திலும் கைக்கொண்டால், பாலும் உழைப்பும் பெருகும். மாட்டின் துன்பமும் குறையும்.