லோங்காங் மீனின் ஆரஞ்சுப் புள்ளி

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் கப்பி மீனை உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. லயத்துக்குப் பின்னால் ஓடிய லோங்காங்கில் அள்ளி, ஜாம் போத்தலில் விட்டு, ஜன்னல் ஓரம் வைத்தோமே, அதேதான்.

அப்போது எந்த மீனைப் பிடித்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆரஞ்சும் நீலமும் மின்னியதைத்தானே? சாம்பல் நிற மீன் கையில் வந்தால் திரும்பத் தண்ணீரில் போட்டிருப்பீர்கள். மின்னியவை ஆண்கள். சாம்பல் நிறத்தவை பெண்கள்.

ஆணுக்கு ஏன் இந்த அலங்காரம்? பெண்ணுக்காகத்தான். ஆரஞ்சுப் புள்ளி அதிகமுள்ள ஆணையே பெண் கப்பிகள் பெரும்பாலும் நாடுகின்றன. அந்த ஆரஞ்சில் ஒரு பங்கு, பாசி போன்ற உணவிலிருந்து கிடைக்கும் கரோட்டினாய்டு. நன்றாக இரை தேடியவனுக்குத்தான் நிறம் கூடும்.

ஆனால் பெண்ணின் கண்ணில் படும் நிறம் எதிரியின் கண்ணிலும் படுமே!

கப்பியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் வடபகுதியும் டிரினிடாட் தீவும். கொசுப்புழுவைத் தின்னும் என்பதற்காகப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். டிரினிடாட்டில் அருவிகளுக்குக் கீழே பெரிய வேட்டை மீன்கள் உண்டு. அங்கே ஆண் கப்பிகள் மங்கலாக இருக்கும். அந்த மீன்கள் ஏற முடியாத மேல் ஓடைகளில் ஆண்கள் பளபளக்கும்.

இதைச் சோதிக்க உயிரியலாளர் ஜான் எண்ட்லர் 1976-இல் ஒரு வேலை செய்தார். வேட்டை மீன் நிறைந்த அரிப்போ ஆற்றிலிருந்து சுமார் 200 கப்பிகளை எடுத்து, அந்த எதிரிகள் இல்லாத ஒரு கிளை ஓடையில் விட்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது ஆண்களின் புள்ளிகள் கூடியிருந்தன, பெரிதாகியும் இருந்தன. பரிணாமத்துக்கு இலட்சக்கணக்கான ஆண்டு வேண்டும் என்றுதானே நினைத்திருந்தோம்? கப்பி சில மாதத்திலேயே பருவமடைந்து குட்டி போட்டுவிடும். தலைமுறைகள் ஓடிவிடுகின்றன.

எனக்கு இன்னும் பிடித்தது அவருடைய செயற்கைக் குளச் சோதனை. சில குளங்களின் தரையில் பொடிக்கல், சிலவற்றில் பருங்கல். வேட்டை மீன் இருந்த குளங்களில், தலைமுறைகள் கடந்தபோது ஆண்களின் புள்ளிகள் கல்லின் அளவை ஒத்துவந்தன; மறைந்துகொள்ள அதுதான் வசதி. வேட்டை மீன் இல்லாத குளங்களில் நேர்மாறு: கல்லோடு ஒட்டாமல் எடுப்பாகத் தெரிந்தன. முடிவுகளை 1980-இல் வெளியிட்டார்.

யோசித்தால், போத்தலோடு நின்ற நாமும் வேட்டை மீன் செய்ததைத்தான் செய்திருக்கிறோம். பளிச்சென்றவனைப் பொறுக்கினோம்; மங்கலானவன் லோங்காங்கில் பிழைத்துக் குடும்பம் நடத்தினான்.

செம்பனைத் தோட்டப் பக்கம் போனால் பிள்ளைகளோடு பாருங்கள். ஹாருவான் எனும் விரால் திரியும் கால்வாயில் பத்து ஆண் கப்பி, அது இல்லாத சின்ன லோங்காங்கில் பத்து. புள்ளிகளை எண்ணுங்கள். கலங்கிய நீரும் கணக்கை மாற்றக்கூடும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கப்பி வெளிநாட்டு மீன், புது ஆற்றுக்குப் போக வேண்டாம்.